திட்டு வாங்கிய சந்தோஷம்

திருப்பூரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையம். காலை வரிசையில் எனக்கு முன்னால் நின்ற இரண்டு பெண்களில் மூத்தவர், ஊத்துக்குளிக்காரர், சொன்னது காதில் விழுந்தது.

"நேத்து எங்க ஊட்டுக்காரரு என்னை மறதிக்காரின்னு திட்டுனாருங்க. எனக்குச் சந்தோஷம் தாங்கலீங்க."

இளையவர் திரும்பினார். "என்னக்கா சொல்லுதீய?"

"அவரு பனியன் கம்பெனில கட்டிங் மாஸ்டருங்க. ஆறு மாசமா அளவெல்லாம் மறந்து போச்சு. ஒரு நாள், கட்டுன பொண்டாட்டி, என்ற பேரே அவருக்கு வரலீங்க. மூளை தேயற நோயின்னு சொந்தக்காரங்க முடிவே கட்டிட்டாங்க. டாக்டருதான் ரத்தத்தைப் பாத்துட்டு, பி-12 சத்து ரொம்பக் கம்மின்னாரு."

"அதுக்கும் ஞாபகத்துக்கும் சம்பந்தம் இருக்கா?"

"இருக்குதுங்களாம். எல்லா மறதியும் இதால வராதுன்னும் சொன்னாரு. இவருக்கு இதால வந்ததுதானுங்க. ஊசி போட்டோம், மறுபடி வேலைக்குப் போறாரு. இப்ப சத்து ஏறிருக்கான்னு பாக்கத்தான் வந்தோம், அதோ முன்னால நிக்கறாருங்க. நேத்து நான் தண்ணி மோட்டாரை நிறுத்த மறந்துட்டேன். அதுக்குத்தான் திட்டு."

கவுண்டரில் மூத்தவரின் கணவரிடம் போன் நம்பர் கேட்டார்கள். பத்து இலக்கங்களையும் அவர் தடுமாறாமல் சொன்னார். அந்த அம்மா நிமிர்ந்து, வரிசையில் இருந்த எங்கள் எல்லோரையும் ஒருமுறை பார்த்தார்.

இளையவர் அவர் பக்கம் நெருங்கி நின்றார்.

"எங்கம்மாவும் அடுப்பை அணைக்க மறந்துருதாவ. வயசாயிட்டுன்னு விட்டுட்டோம்க்கா."

இளையவரின் முறை வந்தது. கவுண்டரில் குனிந்து கேட்டார்: "எனக்குச் சுகர் மட்டும் பாருங்க. நாளைக்கு எங்கம்மாவைக் கூட்டிட்டு வாரேன். பி-12 பாக்கணும்னா வெறும் வயித்துல வரணுமா?"