சீமாட்டி கைப்பக்குவம்

இல்ல தம்பி, அத உள்ளயே வைங்க. அது போர்ச்சுகல்காரன் சரக்கு. பட்டுட்டேன் நான். அந்த மூலக்கடையில சிவப்பு ஒயின்னு கேட்டேன், அவனும் சிவப்பா ஒண்ணத் தூக்கிக் குடுத்தான். வீட்டுல மூடியத் தொறந்தா சர்க்கரப்பாகு வாசன. அப்பவாவது உறைச்சிருக்கணும். சிவப்பு சிவப்புதானேன்னு கறியில ஊத்திட்டேன். கறியா அது? மிட்டாய்.

போர்ச்சுகல்லயும் இனிக்காதது இருக்கா? இருந்துட்டுப் போகட்டும். எனக்கு பிரெஞ்சு ஒயின்தான் வேணும்.

அய்யய்ய, குடிக்க இல்ல, சமைக்க. என்னப் பாத்தா குடிக்கிற மூஞ்சியாவா இருக்கு? பேரு தெரியாது தம்பி. நான் ஆறாவதோட பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவ, நம்ம எழுத்தையே எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். அடையாளம் சொல்றேன். இந்தா, இந்த பாட்டிலெல்லாம் போலீஸ்காரன் மாதிரி தோள நிமித்திக்கிட்டு நிக்குதில்ல, அப்படி இருக்காது. கழுத்துலேர்ந்து அப்படியே சரிஞ்சு எறங்கும். உள்ள இருக்கிறதும் ரொம்பக் கறுப்பா இருக்காது. டம்ளர்ல ஊத்தினா அந்தப் பக்கம் விரல் தெரியும்.

அதுலயே இத்தன ரகமா? போச்சுடா.

வாங்கினது நான் இல்ல, என் ஓர்ப்படியா. எங்க வீட்டுக்காரரோட தம்பி பொண்டாட்டி. நான் சீமாட்டின்னுதான் சொல்லுவேன், அவ முன்னாடி இல்ல. ரொம்ப வருஷமா பிரான்ஸ்ல இருக்கா, அங்க ஒரு சாப்பாட்டுக் கடையில வேல. லீவுக்கு வந்து எங்க வீட்டுல தங்கினா. பெட்டியப் பிரிக்கல, அதுக்குள்ள என் அடுப்பங்கரையில பூந்துட்டா. நீங்க உக்காருங்க அக்கா, நான் பாத்துக்குறேன் அக்கா. வார்த்தைக்கு வார்த்த அக்கா. என் அடுப்பு, என் சட்டி. நான் எங்க போய் உக்கார்றது சொல்லுங்க?

சமைக்கிறத நீங்க பாக்கணுமே. ஒரு துண்டு கறி வேகுறதுக்கு ஒரு பொழுது வேணும் அவளுக்கு. மொதல்ல வெண்ணெயில வதக்கல். எண்ணெய்னா மூஞ்சி சுளிப்பா. அப்புறம் பாட்டிலத் தொறந்து கவுக்குறது. சின்னதா வெங்காயம், கேரட்டு, காளான், ஏதோ ஒரு காஞ்ச எல. மூடியப் போட்டு, தீய இருக்கா இல்லையான்னு தெரியாத அளவுக்குக் கொறச்சுட்டு, சீமாட்டி போன்ல சிரிக்கப் போயிடுவா. நடுவுல கிண்டுறது கூட கெடையாது. நான் சமைச்சா வேர்த்து ஊத்தும் தம்பி. அவ நெத்தியில ஒரு சொட்டு? ம்ஹூம். தட்டுல வைக்கிறதும் ஒரு கைப்பிடி, சுத்தி சாயம் தெளிச்ச மாதிரி ரெண்டு கரண்டி சாறு.

மத்த நாட்டுக்காரன் எவனும் இவ்வளவு அலட்டிக்க மாட்டான். எனக்கு எப்படித் தெரியும்னா? எங்க வீட்டுக்காரரு கப்பல்ல சமையல்காரரா இருந்தவரு. எல்லா நாட்டு ஆளுக்கும் ஆக்கிப் போட்டவரு. லீவுல வந்தா, எப்படி இருக்கேன்னு கேக்க மாட்டாரு, எவன் எவன் என்ன தின்னான்கிறதுதான் பேச்சு. இத்தாலிக்காரனுக்குத் தக்காளி, பூண்டு, ஆலிவ் எண்ணெய் இருந்தாப் போதும், கண்ண மூடித் தொறக்குறதுக்குள்ள சாப்பாடு ரெடியாம். ஸ்பெயின்காரன் அகலச் சட்டியில சோத்தப் போட்டு மேல சிப்பியும் எறாவும் அடுக்கி வச்சுட்டு, கடைசியில அடிப்பிடிச்சத யாரு சுரண்டித் திங்கிறதுன்னு சண்ட போடுவானாம். ஜெர்மன்காரனுக்கு குடல்ல கறிய அடச்சுச் சுட்டுக் குடுத்தா பீரோட ஒதுங்கிடுவான்.

ஒயினும் அப்படித்தானாம். இத்தாலிக்காரனோடது புளிப்புத் தூக்கல், வாயில சாப்பாடு இருந்தாத்தான் எறங்கும். ஸ்பெயின்காரனோடதுல மரப்பீப்பா வாசன. ஜெர்மன்ல வெள்ள ஒயின், சர்பத்து கணக்கா. சரி, பிரெஞ்சுக்காரன் மட்டும் என்ன கொம்பான்னு ஒரு தடவ கேட்டேன். மத்தவன்லாம் கறிய சமைப்பான்டி, பிரெஞ்சுக்காரன் சாற சமைப்பான், கறி சும்மா தொணைக்குன்னாரு. நீங்க அத ஒரு தடவ செய்யுங்களேன்னேன். நமக்கு அந்தப் பொறும இல்லன்னுட்டாரு.

அந்தப் பொறும சீமாட்டிக்கு இருக்கு. அங்க போயிக் கத்துக்கிட்டா. என்னய எவன் கூட்டிட்டுப் போனான்? நான் இந்தத் தெரு முக்கத் தாண்டினதே பெருசு.

இருங்க, அந்தா நிக்கிறாரே, அவருக்கு சில்லற குடுத்து அனுப்பிட்டு வாங்க. நான் எங்க ஓடப் போறேன்.

என்ன சொன்னேன்? ஆங், எங்க வீட்டுக்காரரு. அவரு யாரு சமையலையும் நல்லாருக்குன்னு சொன்னவரு இல்ல தம்பி. தொழில்காரர் பாருங்க. உப்பு கம்மின்னா சொல்லுவாரு, காரம் ஜாஸ்தின்னா சொல்லுவாரு. எல்லாம் சரியா இருந்தா வாயத் தொறக்க மாட்டாரு. அவரு பேசாம தின்னா அதத்தான் நான் பாராட்டுன்னு எடுத்துக்குவேன். அப்படியே பழகிட்டேன், இத்தன வருஷமா.

போன வருஷம் அவருக்குத் தொண்டையில கட்டி. ஆஸ்பத்திரியில கரண்ட் வச்சாங்க, அதான் அந்தக் கதிர் வைத்தியம். கட்டி கரஞ்சிருச்சு, கூடவே ருசியும் போயிருச்சு. எதத் தின்னாலும் சுண்ணாம்பத் தின்ன மாதிரி இருக்காம். கஞ்சி வச்சேன், முட்ட வச்சேன், மீன முள்ளெடுத்து மசிச்சு வச்சேன். ரெண்டு வாய், அப்புறம் தட்டு அந்தப் பக்கம் போயிடும். எலும்பும் தோலுமா ஆயிட்டாரு. ஆஸ்பத்திரியில ஒரு நர்சம்மா எட போட்டுப் பாத்துட்டு என்னயப் பிடிச்சுத் திட்டுது. இன்னும் எறங்கினா மூக்கு வழியா குழாய் போட்டுருவோம், வீட்டுல என்ன பண்றீங்கங்குது. நான் என்ன வாயப் பொளந்து திணிக்கவா?

அந்த மனுஷன் சீமாட்டி வச்ச கறிய ஒரு தட்டு சாப்பிட்டாரு தம்பி. முழுத் தட்டு. ரொட்டிய வச்சு சாற வழிச்சாரு. வழிச்சுட்டு நிமிந்து பாத்து, நல்லாருக்கும்மான்னாரு. அவளப் பாத்து. நான் தண்ணி டம்ளரோட பக்கத்துல நிக்கிறேன், என்னமோ ஓட்டல் வேலக்காரி மாதிரி.

சந்தோஷந்தான். யாரு இல்லன்னா? புருஷன் வயிறு நெறஞ்சா சந்தோஷப்படாதவ பொம்பளையா? ஆனா அன்னிக்குப் பாத்திரம் தேய்க்கையில அந்தச் சட்டிய ஒரு தேய் தேய்ச்சேன் பாருங்க, ஓட்ட விழாததுதான் ஆச்சரியம்.

ஒயின் ஊத்தினத டாக்டர்கிட்ட கேக்காமலா குடுப்பேன்? கேட்டேன். அவ்வளவு நேரம் வெந்தா பயமில்ல, மொதல்ல அவரு சாப்பிடட்டும்னாரு.

ஒயின் பேரப் போன் போட்டு அவகிட்டயே கேக்குறதா? ஏன் தம்பி, உங்களுக்கு அக்கா தங்கச்சி இல்லையா? கேட்டா சொல்லுவா. சிரிச்சுக்கிட்டே சொல்லுவா, படம் கூட அனுப்புவா. அதுக்குத்தான் கேக்கல.

சரி, உங்ககிட்ட சொல்றதுக்கென்ன, நீங்க என்ன எங்க வீட்டுக்கா வரப் போறீங்க. ஊருக்குப் போறப்போ அவ அந்தக் கறிய சின்னச் சின்ன டப்பாவுல அடச்சு ஃப்ரீசர்ல வச்சுட்டுப் போனா. ஒண்ணொண்ணா சூடு பண்ணிக் குடுத்தேன், சாப்பிட்டாரு. தீந்துச்சு. பாட்டில்ல கொஞ்சம் மிச்சம் வச்சிருந்தா. கதவுக்குப் பின்னாடி நின்னு அவ செஞ்சதப் பாத்தவதானே நான், அத ஊத்தி நானே ஒரு சட்டி வச்சேன். கிண்ணத்துல போட்டுக் கொண்டு போயி, நான் செஞ்சேங்கன்னேன். மோந்து பாத்தாரு. ஒரு வாய் வச்சாரு. அவளோடது இருந்தா குடேன்னாரு.

உள்ள வந்தேன். அதே கறிய அவ டப்பாவுல ஊத்தி எடுத்துட்டுப் போனேன்.

வழிச்சுத் தின்னாரு தம்பி. அவ கை அவ கைதான்னாரு.

அதுலேர்ந்து எங்க வீட்டு ஃப்ரீசர்ல டப்பா தீரவே இல்ல. அவ ஒயின் தீந்து, மூலக்கடைச் சரக்க ஊத்தி வச்ச அந்த மிட்டாய்க் கறியக் கூட அவ டப்பாவுலதான் குடுத்தேன். டப்பா கெட்டுப்போச்சு போல, பாவம்னாரு. அப்பவும் அவ மேல குத்தமில்ல. ஆனா அன்னிலேர்ந்து சரியா சாப்பிடல. அதான் உங்க உயிர வாங்குறேன்.

இதுவா? காட்டுங்க. வெளிச்சத்துல பிடிங்க. ஆமா, இந்த நெறந்தான். ரெண்டாக் குடுங்க. பேப்பர்ல நல்லாச் சுத்துங்க, அவரு கண்ணுல படக் கூடாது.

அவளுக்குத் தெரியுமாவா? அதையேன் கேக்குறீங்க. போன வாரம், அந்த மிட்டாய்க் கறிக்கு முன்னாடி, இவரு அவளுக்குப் போன் போட்டு, நீ வச்சுட்டுப் போனதத்தாம்மா இன்னும் சாப்பிடுறேன்னு சொல்றாரு. ஸ்பீக்கர்ல. நான் பக்கத்துலயே நிக்கிறேன். எத்தன டப்பா வச்சோம்னு அவளுக்குத் தெரியாதா? அவ என்ன சொல்றா தெரியுமா, சாப்பிடுங்க மாமா, நெறையத்தான் வச்சுட்டு வந்தேன், இப்போதைக்குத் தீராதுன்னு.

என்னக் காட்டிக் குடுக்கல தம்பி. காட்டிக் குடுத்திருந்தா, அவள நாலு திட்டு திட்டிட்டு நிம்மதியா இருந்திருப்பேன். அதுக்கும் வழியில்லாமப் பண்ணிட்டா.