சஷ்டி விரதத்துக்கு வில்வம்பூத் தேநீர்

ஐப்பசி பிறந்துவிட்டால் பதுளையில் வெயில் நண்பகலோடு விடைபெறும். பிற்பகலில் மலைகள் ஒவ்வொன்றாக மேகத்துள் மறையும். கூரைமேல் பெய்யும் மழையன்றி வேறோசை கேளாது. அவ்வேளையில் மனம் தன் தனிமையைத் தானே எண்ணத் தொடங்கும். அதை ஆற்றிக்கொள்ளவே நான் அந்தத் தேநீரைத் தயாரித்து வந்தேன், ஐயா.

நிழலில் உலர்த்திய வில்வம்பூ, ஆவாரம்பூ, துளசி, சிறிது நன்னாரி வேர். கொதித்த நீரில் இட்டு மூடி, ஒரு பதிகம் பாடி முடியும்வரை ஊறவிடுவேன். யாழ்ப்பாணத்திலிருந்து தமிழாசிரியையாக இங்கு வந்து, கணவரை இழந்து, ஓய்வும் பெற்றபின் எனக்கென்று நான் செய்துகொண்ட உபசாரம் அது ஒன்றே. அதில் நஞ்சு உண்டா என்று பொலிஸார் நீங்கள் ஆய்வுக்கு அனுப்பியிருக்கிறீர்கள். இராது.

கனகம் மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள். பதினான்கு வயதில் என் வீட்டு வேலைக்கு வந்து, பதினேழு ஆண்டுகள் என்னோடு இருந்தாள். அவளுக்கு வலிப்பு உண்டு. மாத்திரை தவறாவிடில் வராது. கிளினிக்குக்கு நானே அழைத்துச் செல்வேன். என் தேநீரைக் கண்டால் பரிகசிப்பாள்.

"கொழுந்தே இல்லாம இதென்ன தேத்தண்ணிங்க, டீச்சரம்மா? ஆட்டுக்குக் கட்டுற தழையாட்டம் இருக்கு."

நானும் சிரிப்பேன்.

சென்ற புரட்டாதியில், ஹல்துமுல்லையில் லொறி ஓட்டும் சுரேஸ் என்பவன் அவளைப் பெண் கேட்டான். நோயை மறைக்காது கூறியும் பின்வாங்கவில்லை. சஷ்டி முடிந்த மறுநாள் பரிசம் போட வருவதென்று ஏற்பாடாயிற்று. பாத்திரம் துலக்கியபடியே கனகம் அதை எனக்குத் தெரிவித்தாள்.

"ஒங்க ஒத்தாசைக்கு ஒரு ஆளப் பாத்து வச்சிட்டுத்தாங்க போவேன்."

தேய்ந்த துடைப்பத்தை மாற்றுவதுபோல் மனிதரை மாற்றலாம் என்று அவள் எண்ணியது என்னை வருத்தியது.

மங்கலம் நிலைக்க ஆறு நாளும் விரதம் இருக்கச் சொன்னேன். உணவை நீக்கி, என் தேநீரை மட்டும் அருந்தலாம். மாத்திரையை என்ன செய்வது என்று கேட்டாள்.

"குளிசை விழுங்கினா விரதம் முறிஞ்சுபோம், பிள்ளை. முருகன்ர காரியத்தில ஐமிச்சப்படக் கூடாது."

"நீங்க படிச்சவங்க. நீங்க சொன்னாச் சரிங்க" என்று பொட்டலத்தை என் கையிலேயே தந்தாள்.

நோயுற்றோர் மருந்துண்பதால் விரதம் முறியாது. எத்தனையோ வகுப்புகளில் நானே அதைக் கற்பித்திருக்கிறேன்.

நான் வேண்டியது பெரிதன்று. மாப்பிள்ளை வீட்டார் முன்னிலையில் அவள் ஒருமுறை விழவேண்டும். கேள்விப்பட்ட நோயைக் கண்ணாரக் கண்டு அவர்கள் எழுந்து போய்விடவேண்டும். ஆனால் ஐந்தாம் நாள் பிற்பகலிலேயே அடுப்படியில் விழுந்தாள். வலிப்பு நின்றது, நினைவு திரும்புமுன் மீண்டும் வந்தது. தொலைபேசி என் அருகில் இருந்தது. உடனே ஆம்புலன்ஸை அழைத்தால் தேறிவிடுவாள், தேறினால் போய்விடுவாள். கோப்பையில் இருந்ததைச் சூடாறும்வரை வைத்து, நிதானமாகக் குடித்தேன். அதன்பின் ஒரு பதிகத்தையும் பாடி முடித்தேன். பிறகே அழைத்தேன்.

உயிர் மிஞ்சியது, பேச்சும் நடையும் மிஞ்சவில்லை. சுரேஸ் மூன்று முறை இங்கு வந்தான். நான்காம் முறை உங்களிடம் வந்தான். அவன் ஐயம் சரியானதே. அவளை இந்நிலைக்கு ஆளாக்கியவள் ஞானேஸ்வரியாகிய நான்.

ஆயினும் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். சோற்றைக் கரைத்து ஊட்டுபவளும், தலை வாரிவிடுபவளும், புரட்டிப் படுக்கவைப்பவளும் நானே. பெற்றவளும் இத்தனை செய்யாள். எங்களுக்கிடையே இப்போது எந்தக் குறையும் இல்லை.

இது விளக்கேற்றும் வேளை. சற்றுப் பொறுங்கள், ஐயா. பிறகு உங்களோடு வருகிறேன். திரியைத் தூண்டிவிட்டு, கண்மூடித் தொழுது, திருநீற்றை அவள் நெற்றியில் இடுகிறேன். அவள் முகத்தைத் திருப்ப முயல்கிறாள், கழுத்து இசையவில்லை.

"முருகன் உனக்கு நீண்ட ஆயுளைத் தரட்டும், பிள்ளை."