சுவருக்குப் பாடினவள்

எனக்குச் சிரிப்பு நிகழ்ச்சிகள் பிடிக்கும், மேடம். நாள் முழுக்கக் குனிந்து புளியில் கொட்டை எடுக்கிறவளுக்கு, படுக்கும் முன் கொஞ்சம் சிரித்தால் முதுகுவலி மறந்துபோகும். மொரப்பூர் வீட்டில் நானும் தங்கை எழிலரசியும் மட்டும்தான். அம்மா போனபோது அவள் கைக்குழந்தை. நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

டிவியில் நான் விடாமல் பார்க்கும் ஒரு நிகழ்ச்சியின் கடைசியில் யாரையாவது மேடையேற்றி நேரடியாகப் பாடவைப்பார்கள். எங்கள் ஊரில் கீபோர்டு வாசிக்கும் ஃபைஸ், எழிலரசியின் பாட்டைப் போனில் எடுத்து அனுப்பியிருந்தான். கூப்பிட்டுவிட்டார்கள். இருவரும் சென்னைக்குப் போனார்கள். நான் டிவி முன்னால் உட்கார்ந்தேன்.

"வீட்டுல யாருக்கும்மா பாடிக் காட்டுவே?" என்று தொகுப்பாளர் கேட்டார்.

"யாருக்குங்க? வூட்டுச் செவுத்துக்குத்தான்" என்றாள்.

அரங்கமே சிரித்தது. நானும் சிரித்தேன். சமைக்கும்போதெல்லாம் அவள் பாடுவாள். நான் பக்கத்தில் புளியோடு உட்கார்ந்து கேட்பேன். மறந்திருக்கலாம்.

பிறகு பாடினாள். பெண் வேஷத்திலிருந்த நகைச்சுவை நடிகர் ஒருவர், பாதிப் பாட்டில் டோப்பாவைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். யாரும் சிரிக்கவில்லை. அவள் அப்படிப் பாடி நான் கேட்டதே இல்லை. திரும்பி ஏதோ சொல்ல வாயெடுத்தேன். பக்கத்தில் யாருமில்லை.

வாராவாரம் வந்து பாடச் சொன்னார்கள். சென்னையில் அறையும் பார்த்தாயிற்று.

"மாசத்துக்கு ஒருக்கா வந்துருவேன்க்கா. நடுவுல டிவியில பாத்துக்கலாம்ல" என்றாள்.

டிவியில் தெரிகிறவளுக்குச் சோறு போட முடியாது.

கிளம்பும் நாள் காலையில் மிளகுக் கஷாயம் வைத்துக் கொடுத்தேன். காரத்துக்குப் பயந்து கண்ணை மூடிக்கொண்டு ஒரே மடக்கில் குடிப்பது அவள் பழக்கம். கக்கூஸ் கழுவும் ஆசிட்டை அதில் கலந்திருந்தேன். கொஞ்சம்தான். உயிருக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்று பார்த்துத்தான் ஊற்றினேன்.

ரயில்வே ஸ்டேஷனுக்கு அழைத்துப்போக வந்த ஃபைஸ்தான் அவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினான். அன்று வீட்டுக்கு வந்த வெளியாள் அவன் ஒருவன் என்று அவனைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள். விட்டுவிடுங்கள், தங்கமான பையன். எங்கள் வீட்டுப் பக்கம் மட்டும் இனி வர வேண்டாம் என்று சொல்லுங்கள். அவனைப் பார்த்தால் அவளுக்குச் சென்னை ஞாபகம் வரும்.

நான் சொன்னதை எழுதி முடித்ததும் என்னை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுங்கள். அவளுக்கு இனிக் குரல் வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வயிற்றில் போட்ட குழாய் வழியாகத்தான் கஞ்சித்தண்ணீர் இறங்குகிறது. நர்சுகள் அவசரப்படுகிறார்கள். நான் மெதுவாக ஊற்றுவேன்.

நேற்று ஊற்றும்போது, "அக்கா மேல கோவமா கண்ணு?" என்று கேட்டேன். என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கோபம் இருந்தால் ஒரு வார்த்தையாவது திட்டியிருப்பாள்.