ஜனவரி வெயிலை வென்ற சுசீலா டீச்சருக்கு

சவூதி அரேபியாவின் அல் கோபார் நகரில், நம் பள்ளியின் மகளிர் பிரிவில் இருபத்திரண்டு ஆண்டுகள் உடற்கல்வி ஆசிரியையாகப் பணியாற்றி, இம்மாத இறுதியில் பணி நிறைவு பெறும் திருமதி சுசீலா அவர்களுக்கு, அவரால் ஓட வைக்கப்பட்டவர்களும், அவரைக் கண்டதும் ஓடி ஒளிந்தவர்களுமாகிய சக ஆசிரியைகள் அன்போடு வாசித்தளிக்கும் பாராட்டு மடல்.

விசிலே செங்கோலாய், வெண்காலணியே வாகனமாய், வியர்வையே விருதாய் வலம் வந்த வீராங்கனையே! சோம்பல் சாம்ராஜ்யத்தின் மீது சொல்லாமல் கொள்ளாமல் படையெடுத்த சேனைத் தலைவியே! கைப்பேசி பிடித்தே கூம்பிப்போன கைகளில் எறிபந்தைத் திணித்த எங்கள் இனிய இம்சையே! வணக்கம்.

இம்மடலை எழுதும் பொறுப்பு கணித ஆசிரியை இளவேனிலாகிய என் தலையில் விழுந்தது. தமிழாசிரியை பிரசவ விடுப்பில் போய்விட்டார். ஆகவே எதுகை எங்காவது இடறினால், விடை தவறு, வழிமுறை சரி என்று பாதி மதிப்பெண் போட்டுவிடுங்கள். 'தாங்கள்' என்று தொடங்கத்தான் ஆசைப்பட்டேன். ஆனால் அந்தச் சொல் காதில் விழுந்ததுமே நீங்கள், "என்னட்டி, தாங்கள் கீங்கள்ங்க? எனக்கு என்ன கோர்ட்டு வாரண்டா வந்துருக்கு?" என்று திருநெல்வேலியைத் திறந்துவிடுவீர்கள். எனவே 'நீங்கள்' என்றே போகிறேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுவது நல்லது. ஒப்புதலுக்காக அலுவலகத்தில் நாங்கள் காட்டிய பிரதி வேறு. அதில் அடுக்குமொழி அதிகம், செய்தி குறைவு. மேடையில் வீற்றிருக்கும் முதல்வர் ரகுநாதன் அவர்கள் கோயம்புத்தூர்க்காரர். இதில் ஒரு சொல் விடாமல் அவருக்குப் புரியும் என்பது எங்களுக்குத் தெரியும். பொறுத்தருள வேண்டும் என்று வேண்டப்போவதில்லை. கேட்டருளினால் போதும்.

சாளரச் சிறையுடைத்த சாகசமே!

இங்கே வளரும் நம் பிள்ளைகளின் பொழுதை நாங்கள் அறிவோம், ஏனென்றால் அவர்களுள் பாதிப் பேர் எங்கள் வீட்டுப் பிள்ளைகள். காலையில் குளிர்பதன வீட்டிலிருந்து குளிர்பதனப் பேருந்து, அங்கிருந்து குளிர்பதன வகுப்பறை, மாலையில் டியூஷன், இரவில் டேப்லெட். வெள்ளிக்கிழமை வந்தால் மால். கடற்கரைப் பூங்காவான கோர்னிஷுக்குப் போனால் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பாயில் அமர்ந்து வீடியோ பார்க்கும் திறமை நம் குலக்கொழுந்துகளுக்கே உரியது. ஆண்பிள்ளைகளுக்காவது கட்டடத்துக்குக் கீழே இரண்டு கார்களுக்கு நடுவில் கிரிக்கெட் உண்டு. காவலாளி விரட்டுவார், ஓடுவார்கள், அதுவும் ஒரு பயிற்சிதான். பெண்பிள்ளைக்கு? மூன்றாம் மாடி ஜன்னல். "கீழ போகாத, யாராவது பாப்பாங்க." இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் நீங்கள் வந்தபோது இந்தப் பிரிவில் மைதானமே இல்லை. பேருந்துகள் கிளம்பிப்போன வெற்றிடத்தில், டீசல் வாடை அடங்குமுன் சுண்ணாம்புக் கோடு போட்டு, "யல்லா, ஓடுங்கட்டி!" என்று அரபியையும் தாமிரபரணியையும் ஒரே மூச்சில் கலந்தீர்கள். நாளடைவில் அந்த இடமே மைதானம் ஆயிற்று. யாரும் கொடுத்ததல்ல, நீங்கள் விட்டுக்கொடுக்காததால் நிலைத்தது.

கேட்டதைக் கொடுக்காத கற்பகமே!

உலகெங்கும் உள்ள பள்ளிகளில் ஒரு வழக்கம் உண்டு. பாடம் முடியவில்லை என்றால் விளையாட்டு வகுப்பைக் கடன் கேட்பது. கணக்கு கேட்கும், இயற்பியல் கேட்கும், பள்ளி ஆண்டு விழாவுக்கு நடனம் சொல்லித்தருபவர் கூடக் கேட்பார். நானும் எத்தனையோ முறை உங்கள் முன் வந்து, முகத்தை மும்மடங்கு பாவமாக்கிக்கொண்டு நின்றிருக்கிறேன். "திரிகோணமிதி பாக்கி இருக்கு டீச்சர்."

"கணக்கு எங்கயும் ஓடிராது இளவேனிலு. பிள்ளைய ஓடணும்லா."

இதற்கு எந்தத் தேற்றத்திலும் மறுப்பு இல்லை. திரும்பிப் போய்விடுவேன்.

ஜனவரி வெயிலை வென்ற ஜாம்பவதியே!

இந்தக் கல்வியாண்டின் காவியத்தை இப்போது பாட வேண்டும். ஆகஸ்டு கடைசியில் பள்ளி திறந்ததும் ஒரு சுற்றறிக்கை வந்தது: கடும் வெயில் காரணமாக, மறு அறிவிப்பு வரும்வரை, விளையாட்டு வகுப்புகள் வகுப்பறைக்குள்ளேயே நடைபெறும். நியாயமான அறிக்கை. அந்த மாதத்து வெயிலில் பிள்ளையை வெளியே விடுவது பாவம் என்று முதலில் சொன்னவரே நீங்கள்தான். அக்டோபர் வந்தது, வெயில் தணிந்தது. நவம்பர் வந்தது, காற்று இனித்தது. டிசம்பர் வந்தது, பிள்ளைகள் ஸ்வெட்டர் போட்டார்கள். மறு அறிவிப்பு மட்டும் வரவில்லை. எழுதியவர் மறந்துவிட்டார், படித்தவர்கள் மகிழ்ந்துவிட்டோம். முழங்கால் சிராய்ப்பு இல்லை, பெற்றோர் புகார் இல்லை, தாழ்வாரத்தில் சத்தம் இல்லை. நீங்கள் வாராவாரம் அலுவலகத்துக்குப் போய்க் கேட்டீர்கள். "அறிவிப்பு வரட்டுங்க மேடம்" என்ற பதிலோடு வந்தீர்கள். இதற்கிடையே எட்டாம் வகுப்பு, கால்பந்தின் ஆஃப்சைடு விதியைத் திரையில் பார்த்துப் படம் வரைந்து பாகம் குறித்துவிட்டது. பந்து என்ன கனம் இருக்கும் என்பது மட்டும் மறந்துவிட்டது.

ஜனவரியில் அறிவிப்புப் பலகையில் இன்னொரு காகிதம் ஏறியது. கடுங்குளிர் காரணமாகக் காலை வழிபாடு அரங்கினுள் நடைபெறும். அதற்குப் பக்கத்திலேயே, குண்டூசி கூடத் துருப்பிடிக்காமல், கடும் வெயில். ஒரே பலகையில் கோடையும் வாடையும் குடும்பம் நடத்திய அதிசயத்தை நாங்கள் எல்லோரும் பார்த்தோம், சிரித்தோம், வகுப்புக்குப் போனோம். நீங்கள் பார்த்தீர்கள், சிரிக்கவில்லை. ஒன்பதாம் வகுப்பு பி பிரிவை வரிசையில் நிறுத்தி வெளியே அழைத்துப் போனீர்கள்.

சேதி பரவிற்று. முதல்வர் அவர்கள் கழுத்தில் மஃப்ளரைச் சுற்றியபடி விரைந்து வந்தார்கள்.

"சுசீலா மேடம், வெயில் சர்க்குலர் இன்னும் வாபஸ் ஆகலைங்களே. நீங்க பாட்டுக்கு வெளிய கூட்டிட்டு வந்துட்டீங்க?"

நீங்கள் அவரைப் பார்க்கவில்லை, மஃப்ளரைப் பார்த்தீர்கள். "ஏட்டி, எல்லாரும் ஸ்வெட்டரக் கழத்தி அந்தா பெஞ்சில வைங்க. சாருக்கு வெயிலடிக்காம்."

"ரூல்னா ரூல்தானுங்க மேடம். எனக்கும் மேல ஆளுங்க இருக்காங்க."

"எனக்குக் கீழ நாப்பது பிள்ளைய நிக்குதுவ சார். பல்லு கிட்டிப்போயி நிக்குது. ஓடினாத்தான் சூடு வரும்."

மதியமே உங்களுக்கு மெமோ வந்தது. மறுநாள் காலை அதை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எட்டாம் வகுப்பை வெளியே கூட்டிச் சென்றீர்கள். அதற்கடுத்த நாள் பத்தாம் வகுப்பை. அந்த வாரக் கடைசியில், 'வானிலை மேம்பட்டதால்' வெயில் சுற்றறிக்கை திரும்பப் பெறப்பட்டது. வானிலை மேம்பட்டு மூன்று மாதம் ஆயிற்று என்பதை யாரும் சொல்லவில்லை. இன்று சொல்கிறோம்.

கால்களுக்குக் கண் திறந்த கருணையே!

அந்த முதல் நாள் காலையில் நடந்ததை நான் இரண்டாம் மாடி ஜன்னலிலிருந்து பார்த்தேன், கீழே இருந்தவர்களிடம் கேட்டு மீதியை நிரப்பிக்கொண்டேன். ரக்ஷிதா, இந்த ஆண்டுதான் நம் பள்ளியில் சேர்ந்து எல்லாப் பாடத்திலும் முதலிடம் வாங்கும் பெண், ஓட்டக் கோட்டின் மேல் நின்றுகொண்டு உங்களைக் கேட்டாள்: "மிஸ், ஓடும்போது கைய எங்க வெச்சுக்கணும்?"

பக்கத்தில் நின்ற நஜீஹா விழுந்து விழுந்து சிரித்தாள். "ஸ்கர்ட் பாக்கெட்ல வெச்சுக்கடி!"

நீங்கள் சிரிக்கவில்லை. பதினான்கு வயதுப் பெண்ணுக்கு ஓடத் தெரியாது என்பது உங்களுக்கு நகைச்சுவையாகப் படவில்லை. "கையப் பத்தி நீ யோசிக்காத. நான் உன்னப் பிடிக்க வாரேன், பிடிபடாம போ. அவ்வளவுதான்." அறுபதைத் தொடப்போகும் நீங்கள் துரத்தினீர்கள். அவள் அலறிக்கொண்டு ஓடினாள். பத்தடி தாண்டியதும் அந்தக் கைகள் தாமாகவே தங்கள் வேலையைக் கண்டுகொண்டன. கரும்பலகையில் சமன்பாட்டின் ஒரு பக்கத்தை எழுதிவிட்டு, மறுபக்கம் என்ன என்பதையே மறந்து நான் ஜன்னலோரம் நின்றேன். என் வகுப்பு முழுவதும் என்னோடு நின்றது.

ரக்ஷிதா விழுந்தாள், முழங்காலைப் பெயர்த்துக்கொண்டாள். மறுநாள் காலையில் அவள் அம்மாவின் கார் வாசலில் வந்து நின்றதும், "கலாஸ், முடிஞ்சது கதை" என்றார் நூலகர் கனகா. அந்த அம்மா நேரே உங்களிடம் வந்தார்.

"காயத்தப் பத்திக் கேக்க வரல மேடம். நேத்து வீட்டுக்கு வந்ததும் ஃபோனக் கேக்கல, சோறு கேட்டா. திரும்பவும் கேட்டா. தினமும் வெளிய விடுவீங்களா?"

"திரும்ப விழுவா. பரவால்லயாம்மா?"

"விழட்டும். வீட்டுக்கும் காருக்கும் நடுவுல நடந்துட்டிருந்தா எங்க போயி விழுவா?"

விடைபெறும் வேளையிலும் விட்டுக்கொடாத வைராக்கியமே!

வெயில் தோற்றதும் சிக்கனம் களமிறங்கியது. நீங்கள் போனபின் உங்கள் இடம் நிரப்பப்படாதாம். ஒன்பது முதல் பன்னிரண்டு வரையிலான வகுப்புகளின் விளையாட்டு நேரம் சிறப்புப் பயிற்சி நேரமாகுமாம். சின்ன வகுப்புகளுக்கு ஒரு செயலி வருகிறதாம். நாற்காலியில் அமர்ந்தபடியே திரையைப் பார்த்துக் கையை ஆட்டினால் மலையேறலாம், கடல் நீந்தலாம் என்கிறார்கள். இரண்டு தெரு தள்ளி நிஜமாகவே ஒரு கடல் இருப்பது பாவம், அந்தச் செயலிக்குத் தெரியாது.

செய்தி வந்த அன்று ஆசிரியர் அறையில் உங்களுக்கு ஆறுதல் சொல்லக் கூடினோம். நீங்கள் உங்களுக்காக ஒன்றும் கேட்கவில்லை. "நான் போறது போகட்டும். வயசாச்சு, விசா முடிஞ்சுது, பெட்டியும் கட்டியாச்சு. பீரியடு போயிரப்பிடாது, பாத்துக்கிடுங்க" என்றீர்கள்.

டீச்சர், போகாது.

இங்கே வேலை வாரம் தொடங்கும் நாளான அடுத்த ஞாயிறு முதல் எந்த வகுப்புக்கு எப்போது விளையாட்டு நேரமோ, அப்போது எங்களில் ஓய்வாக இருக்கும் ஒருவர் அந்த வகுப்பை வெளியே அழைத்துப் போவார். சம்பளம் கேட்கவில்லை, அனுமதியும் கேட்கவில்லை. எங்கள் உடல் தகுதியைப் பற்றி எவருக்கும் ஐயம் வேண்டாம். அப்படி ஒன்று இல்லை. மாடி ஏறினாலே என் மூச்சுக்கு மீதி வராது. கனகாவின் இதுநாள் வரையிலான ஒரே உடற்பயிற்சி, உச்சித் தட்டுப் புத்தகத்தைக் கேட்கிறவர்களை முறைப்பது. உருது ஆசிரியை ஸஹ்ரா குதிகால் உயர்ந்த செருப்பில்லாமல் தரையை மிதித்ததே இல்லை. கடந்த இரண்டு வாரமாகப் பள்ளி விட்டதும் நீங்கள் எங்களுக்குப் பயிற்சி கொடுத்ததை இந்த மைதானம் மறக்காது. "சுசீலாஜி, பஸ்! மேரி ஜான் ஜாயேகி!" என்று, போதும், உயிரே போய்விடும் என ஸஹ்ரா உருதுவில் கெஞ்ச, "ஜான் எங்கயும் போவாது, இன்னொரு ரவுண்டு போங்க" என்று நீங்கள் தமிழிலேயே உத்தரவிட, அவர் போனாரே! தமிழ் தெரியாத ஸஹ்ரா இம்மடலிலும் கையெழுத்திட்டிருக்கிறார். என்ன எழுதியிருக்கிறது என்று ஒவ்வொரு வரியாக இந்தியில் சொல்லிக் காட்டினோம். "அச்சா, இன்னும் கொஞ்சம் காரமாக எழுதியிருக்கலாமே" என்பதே அவர் சொன்ன ஒரே திருத்தம்.

எங்கள் அனைவரின் இக்காமாவும் இந்தப் பள்ளியை நம்பித்தான் இருக்கிறது. அது இல்லாமல் இந்த நாட்டில் ஒரு நாள் நிற்க முடியாது. வேலை போனால் வீட்டு வாடகை, பிள்ளைகளின் படிப்பு எல்லாமே ஆடும். பயமில்லையா என்றால், இருக்கிறது. பயந்துகொண்டேதான் கையெழுத்துப் போட்டோம். சில கையெழுத்துகள் கோணலாக இருப்பதற்கு அதுவே காரணம். ஆனாலும் போட்டோம். முதல்வர் அவர்களே, மெமோ தருவதென்றால் எங்கள் எல்லோருக்கும் சேர்த்தே அடித்துவிடுங்கள். தனித்தனியாகக் கூப்பிட்டால் எங்களுக்கும் சிரமம், உங்களுக்கும் சிரமம்.

உழைத்த கால்களுக்கு ஓய்வு கேட்டு வாழ்த்துவது ஊர் வழக்கம். உங்களை அப்படி வாழ்த்தினால் கோபித்துக்கொள்வீர்கள். முழங்கால் நோகாமலும் மூச்சு வாங்காமலும், சர்க்கரை ஏறாமலும் சிரிப்பு இறங்காமலும், நெல்லைச் சீமையில் நெடுங்காலம் நீங்கள் நலமோடு நடமாட வேண்டும். அந்தத் தெருவில் சும்மா உட்கார்ந்து ஃபோன் பார்க்கும் எந்தப் பெண்பிள்ளைக்கும் உங்களால் ஒரு நாள்கூட நிம்மதி கிடைக்காமல் போக வேண்டும். இதுவே எங்கள் மனமார்ந்த வாழ்த்து.

கடைசியாக ஒன்று. பாடம் கெடக்கூடாது என்று இந்த விழாவுக்கு நிர்வாகம் கவனமாகத் தேர்ந்தெடுத்த நேரம் எது தெரியுமா? இன்றைய கடைசி இரண்டு பாடவேளைகள். அட்டவணையைப் பாருங்கள்: ஒன்பதாம் வகுப்பு, பத்தாம் வகுப்பு, விளையாட்டு. உடற்கல்வி ஆசிரியைக்கு விடைகொடுக்கவும் விளையாட்டு நேரத்தையே எடுத்திருக்கிறோம். இந்த அரங்கில் வரிசை வரிசையாகக் கைகட்டி உட்கார்ந்திருக்கும் இந்தப் பிள்ளைகளிடமிருந்து ஒரு பாடவேளை ஏற்கெனவே போய்விட்டது. இன்னொன்று மிச்சம் இருக்கிறது. நிகழ்ச்சி நிரலில் இன்னும் நான்கு பேச்சாளர்கள் காத்திருக்கிறார்கள். அவர்களின் அருமையான உரைகளைத் தேநீரோடு பிறகு கேட்டுக்கொள்கிறோம். வெளியே மார்ச் மாதக் காற்று வீசுகிறது, வெயில் இல்லை. இருந்தாலும் சுற்றறிக்கை இல்லை.

ஒன்பதாம் வகுப்பு, பத்தாம் வகுப்பு, எழுந்திருங்கள். வாங்க டீச்சர், இந்தப் பீரியடு உங்களுடையது.

இங்ஙனம்,
இதை வாசித்து முடிக்குமுன்பே பாதிப் பேர் மைதானத்துக்கு இறங்கிவிட்ட,
மகளிர் பிரிவு ஆசிரியைகள்,
அல் கோபார்.