சாம்பல் புதனுக்கு முந்தின நாள்

மாடிக்கா? வேண்டாம் அண்ணே, சொன்னாக் கேளுங்க. அந்தப் படியில கால் வெக்காதீங்க. நான் தடுக்கலை, உங்களைத் தடுக்க நான் யாரு? இந்த மழையிலயும் சேத்துலயும் லண்டன்லேருந்து குதிரையை விரட்டிக்கிட்டு வந்திருக்கீங்க, கூட்டாளி முகத்தைப் பாக்காமப் போக மனசு வராதுதான். ஆனா அவருக்கு வந்தது என்ன காய்ச்சல்னு வைத்தியனுக்கே பிடிபடலை. அட்டையை விட்டுப் பாத்தான், ரத்தத்தை எடுத்துப் பாத்தான், என் கோழியில ரெண்டைத் தின்னான், கையை விரிச்சுட்டுப் போயிட்டான். நீங்க மேல போய் அவர் கட்டில்கிட்ட நின்னுட்டு, அப்புறம் அரண்மனைக்குள்ள நுழைய முடியுமா? நோயாளி இருக்கிற அறைக்குப் போனவன் ராஜா கண்ணுல படக் கூடாதுன்னு உத்தரவு இருக்கே. எனக்குத் தெரியாதா? அந்த உத்தரவுல வெந்தவ நான்.

அப்படி வாங்க. கணப்புப் பக்கமா உக்காருங்க. பூட்ஸை நீட்டிக் காய வையுங்க, பரவாயில்லை, நம்ம வீடுதானே. இந்தாங்க, இஞ்சி போட்டுக் காய்ச்சின பீர். அப்பம் சூடா இருக்கு, எடுத்துக்குங்க. நாளைக்குச் சாம்பல் புதன். அப்புறம் ஈஸ்டர் வரைக்கும் முட்டையும் கிடையாது, வெண்ணெயும் கிடையாது. வீட்டுல இருக்கிறதை எல்லாம் இன்னைக்குச் சுட்டுத் தீக்கணும். உங்க ஆளுங்களுக்கும் சமையல்கட்டுல போட்டுக்கிட்டுதான் இருக்காங்க. மழை விட்டதும் போகலாம்.

நீங்க வந்திருக்கீங்கன்னு சொன்னேனே. அவர் காதுகிட்டப் போய் சொல்லிட்டுத்தான் கீழ இறங்கி வந்தேன். ஜார்விஸ் அண்ணன் வந்திருக்கார்னு. பதில் ஒண்ணும் சொல்லலை. பேசற நிலைமையில இல்லை.

காய்ச்சலா? இறங்கிடுச்சு அண்ணே. இருமலும் இல்லை. ஏன், முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு? நல்ல சேதிதானே சொன்னேன்?

விடுங்க. நானும் சின்னப் பொண்ணு இல்லை, நீங்களும் என்கிட்ட நடிக்க வேண்டாம். நீங்க எதுக்கு வந்தீங்கன்னு நீங்க கேட்டைத் தாண்டினப்பவே தெரியும். எங்க மரத்துல பழம் விழறதுக்கு முன்னாடியே கூடையோட வந்து நிக்கிறீங்க. என் புருஷன் பியர்ஸ் படுத்துட்டார்னு அரண்மனையில சேதி வந்த அன்னைக்கே ராஜாகிட்டப் போய் நின்னீங்களாமே. அவன் போயிட்டா அவன் பையனை எனக்குக் குடுங்கன்னு. ராஜாவும் சரின்னு தலையாட்டிட்டாராமே. காத்து வாக்குல எல்லாம் வருது அண்ணே, எங்க சஃபோக் ஊரு என்ன சந்திர மண்டலத்துலயா இருக்கு?

கோபம் இல்லை. சத்தியமா இல்லை. நீங்க இல்லைன்னா இன்னொருத்தர். சட்டம் அப்படி இருக்கு. ராஜாகிட்ட நிலம் வாங்கினவன் செத்து, அவன் பிள்ளைக்கு வயசு வரலைன்னா, பிள்ளை ராஜா சொத்து. ராஜா அவனை யாருக்கு வேணும்னாலும் விக்கலாம். வாங்கினவன் அந்தப் பிள்ளையை யார் கழுத்துல வேணும்னாலும் கட்டலாம். பெத்தவ பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டு இருக்கலாம். நல்ல சட்டம்! நான் வேதத்துல தேடித் தேடிப் பாக்கச் சொல்லியிருக்கேன் எங்க சாமியாரை, அதுல எங்கயும் இல்லையாம்.

எம்பையன் ஆம்ப்ரோஸா? கோயிலுக்குப் போயிருக்கான். பாவசங்கீர்த்தனம் பண்ண. இன்னைக்கு ஊரே அங்கதானே இருக்கும், தவக்காலத்துக்கு முன்னாடி பாவத்தை எல்லாம் இறக்கி வெக்கணும் இல்லையா. வந்துடுவான். நீங்க எங்க எழுந்திருக்கிறீங்க? அவன் முழங்கால் போட்டுப் பாவம் சொல்லிக்கிட்டு இருக்கிறப்போ நீங்க போய்த் தோளைத் தட்டுவீங்களா? உக்காருங்க. ஜாடியில இன்னும் இருக்கு.

வளந்துட்டான். அவங்க அப்பாவை விட ஒரு விரக்கடை உசரம். மீசைன்னு நாலு முடி வந்திருக்கு, அதைத் தடவித் தடவியே தேஞ்சு போகுது.

நீங்க அவனுக்குக் கட்டி வெக்க நினைக்கிற உங்க பொண்ணைப் பத்தி நான் ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டேன். சொன்னா என் நாக்கு அழுகிடும். நல்ல குழந்தை. போன கோடையில வந்தப்போ என் மடியில உக்காந்து செர்ரிப் பழம் தின்னுச்சு, கொட்டையை எல்லாம் என் உள்ளங்கையில துப்புச்சு. எட்டு வயசுக் குழந்தை அண்ணே. அதுக்கும் இது பிடிக்குமான்னு யார் கேட்டீங்க? வளந்த அப்புறம் கேப்பீங்களா? சும்மா இருங்க. எங்கிட்ட யாரும் கேக்கலை, அதான் சொல்றேன்.

உங்களுக்குத் தெரியாதா என் கதை? அவர் சொல்லியிருக்க மாட்டார், அவருக்குக் கூச்சம். எங்க அப்பா செத்தப்போ எனக்கு ஏழு வயசு. ஆண் பிள்ளை கிடையாது, நிலம் எல்லாம் என் பேர்ல. ஒரு நாள் ஒருத்தர் வந்தார், எங்க கூடத்துல உக்காந்து பால் முட்டைப் பாயசம் சாப்பிட்டார். நல்லா இருக்கு நல்லா இருக்குன்னு சொல்லிச் சொல்லிச் சாப்பிட்டார். வாயைத் துடைச்சுட்டு என்னைத் தூக்கிக் குதிரையில வெச்சுக்கிட்டார். எங்க அம்மா கூடவே வந்தா, கேட் வரைக்கும். நான் உப்பு மூட்டை விளையாட்டுன்னு நினைச்சு சிரிச்சுக்கிட்டே போனேன், அவ்வளவு விவரம். அந்த மனுஷருக்கு அப்புறம் பண முடை வந்துச்சு, என்னை இன்னொருத்தருக்கு வித்துட்டார். சந்தையில ஆடு கூட ஒரு தடவைதான் கை மாறும் அண்ணே. அந்த இன்னொருத்தர்தான் என் மாமனார். வாங்கின பொருள் வெளிய போகக் கூடாதுன்னு தன் ரெண்டாவது பையனுக்கே கட்டி வெச்சார். பியர்ஸுக்குப் பதினாலு. எனக்குப் பதிமூணு. கோயில் வாசல்ல நின்னப்போ அவர் என் காதுல என்ன சொன்னார் தெரியுமா? எனக்கு உங்க ஊர் நாய்க்குட்டி ஒண்ணு தர்றேன்னாங்க, அதனாலதான் சரின்னேன்னு சொன்னார்.

சிரிங்க, சிரிங்க. நாங்களும் பின்னாடி சிரிச்சிருக்கோம். நல்ல மனுஷன். என் மேல ஒரு நாள் கை ஓங்கினது இல்லை. ஆனா நல்ல மனுஷன் கிடைச்சது என் அதிர்ஷ்டம், அவங்க பண்ணின நியாயம் இல்லை. அப்புறம் அவரையும் ஒருத்தர் வாங்கிக்கிட்டாரே. ராஜாதான், வேற யாரு?

உங்களுக்குச் சொல்லணுமா, நீங்க கூடவே நின்னவர். ராஜா எழுந்திருக்கிறதுக்கு முன்னாடி எழுந்து, ராஜாவோட சட்டையை நெருப்புல காட்டிச் சூடு பண்ணி, இளஞ்சூட்டுல மாட்டி விடற வேலை. ஊர்ல எல்லாரும் என்னைப் பாத்துப் பொறாமைப்பட்டாங்க. உன் புருஷன் ராஜாவைத் தொடறானாமேம்பாங்க. என் புருஷனை நான் தொட்டு வருஷம் ஆச்சுன்னு அவங்களுக்கு எப்படிச் சொல்றது? ராஜா சீட்டு ஆடினா தோக்கணும், ஆனா தோத்த மாதிரி தெரியக் கூடாது. ராஜா பழைய ஜோக்கைச் சொன்னா புதுசாச் சிரிக்கணும். வீட்டுக்கு வந்தா கணப்பு முன்னாடி உக்காந்து கன்னத்தைப் பிடிச்சு விட்டுக்குவார். வலிக்குதுடி அவிஸ், சிரிச்சுச் சிரிச்சுத் தாடை வலிக்குதும்பார். விட்டுட்டு வந்துடுங்களேன்னு நான் ஒரு தடவை கேட்டேன். உள்ள போற வாசல்தான் இருக்கு, வெளியே போற வாசல் கிடையாதுன்னார். விலகினவனை ஏன் விலகினான்னு சந்தேகப்படுவாங்களாமே. அந்தச் சந்தேகத்துல தலை போனவங்க பேரை எல்லாம் நீங்களும் நானும் சொல்லிக்க வேண்டாம்.

எங்க பெரியவ மார்கரெட்டுக்கு அந்த வேர்வைக் காய்ச்சல் வந்துச்சே. காலையில தோட்டத்துல ஓடிக்கிட்டு இருந்த பொண்ணு, விளக்கு வெக்கிறப்போ இல்லை. ஆள் அனுப்பினேன். அரண்மனைக் கேட்லயே நிறுத்திட்டாங்க, நோய் வந்த வீட்டு ஆளு உள்ள வரக் கூடாதுன்னு. கேட்டுக்கு இந்தப் பக்கத்துலேருந்து கத்தியிருக்கான், உங்க பொண்ணு போயிட்டாங்கன்னு. அவர் வந்தா திரும்பி உள்ள போக முடியாது. வரலை. அன்னைக்கு ராத்திரி விருந்தாம், ராஜாவுக்கு மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டா பிடிக்காதாம், ராஜா பின்னாடி கை துடைக்கிற துண்டைப் பிடிச்சுக்கிட்டு நின்னு சிரிச்சாராம். நீங்கதான் அவருக்கு மறைவா நின்னு கண்ணைத் துடைக்க விட்டீங்களாம். அதைச் சொல்லியிருக்கார். அதுக்காக நான் இன்னமும் உங்களுக்கு ஜெபம் பண்றேன் அண்ணே. பொய் இல்லை. அதனாலதான் உங்களுக்கு அப்பம், இல்லைன்னா நாயை அவிழ்த்து விட்டிருப்பேன்.

படுக்கையில விழுந்த அப்புறம்தான் அவர் வாயைத் திறந்தார். போன வாரம், நல்ல நினைவு இருக்கிறப்போ. பையனை யார் கையிலயும் சந்தைச் சரக்கா குடுத்துடாதேடின்னார். நம்ம ரெண்டு பேர் மாதிரி அவன் நிக்கக் கூடாதுன்னார். நான் என்ன பண்ணுவேன், பொம்பளை? உசிரோட இருக்கிற அப்பன் கட்டி வெக்கலாம். அப்பன் போயிட்டா அம்மா கையில கரண்டி மட்டும்தான். அவர்கிட்ட அதைச் சொன்னேன். அப்போ சீக்கிரம் பண்ணும்மான்னார்.

ஆமா, தாமசின்தான். கேள்விப்பட்டீங்களா? கம்பளி வியாபாரி ரட் இருக்கார் இல்லை, ஆத்துக்கு அந்தப் பக்கம், அவர் பொண்ணு. எங்களுக்குத் தகுதி இல்லைம்பீங்க. இருக்கட்டும். எம்பையன் போன அறுவடையிலேருந்து அந்த ஆத்துப் பாலத்துலதான் மீன் பிடிக்கிறான், ஒரு மீனும் வீட்டுக்கு வந்தது இல்லை. அந்தப் பொண்ணுகிட்ட நானே கேட்டேன். எம்பையன் முன்கோபி, காலையில எழுந்திருக்க மாட்டான், உனக்குச் சம்மதமான்னு கேட்டேன். தண்ணி ஊத்தி எழுப்பிடுவேன் அத்தைன்னா. என் வாழ்க்கையில ஒரு பொண்ணுகிட்ட ஒருத்தர் கேட்டு, அவ பதில் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

என்ன மார்ஜரி? ஏன் கதவுலயே நிக்கிறே? ஆச்சா? மோதிரம் விரலுக்குச் சரியா இருந்துச்சா? சரி, நீ போ, சாட்சிக்கு வந்த கிழவனுங்களுக்கு எல்லாம் பீர் ஊத்து. நான் வர்றேன்.

உக்காருங்க அண்ணே. கத்தாதீங்க. ஆமா, கல்யாணம்தான். கோயில் வாசல்ல, ஊர் பாக்க, சாமியார் முன்னாடி. நாளைக்குத் தவக்காலம் பிறந்துட்டா ஈஸ்டர் கழியற வரைக்கும் மோதிரம் மாத்த சாமியார் ஒத்துக்க மாட்டார். இன்னைக்கு விட்டா உங்க கைக்குப் போயிடுவான். அதான் உங்களை இங்க உக்கார வெச்சு வாயாடிக்கிட்டு இருந்தேன். என் ஆயுசுலேயே இவ்வளவு பேசினது இல்லை, தொண்டை வத்திப் போச்சு.

என்ன பண்ணுவீங்க? அபராதம் போடச் சொல்லுவீங்க. போடுங்க. பெரிய அபராதம்தான், தெரியும், புல்வெளி போகும், மில்லு போகும். பையனையே உங்க வீட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போய் வயசு வர்ற வரைக்கும் வெச்சுக்கலாம், அதுக்கும் சட்டம் இருக்கு. நான் கேட் வரைக்கும் கூட வருவேன், எங்க அம்மா வந்த மாதிரி. ஆனா அவன் போறப்போ அவன் விரல்ல அவன் கேட்டு வாங்கின மோதிரம் இருக்கும். கடவுள் சேர்த்ததைப் பிரிச்சு முதல் ராணியை விலக்க ராஜாவுக்கே எவ்வளவு பாடாப் போச்சுன்னு உலகமே பாத்துச்சு. உங்களால ஆகுமா?

பியர்ஸ் இப்படிப் பண்ண மாட்டானா? உங்களுக்கு வாக்குக் குடுத்திருந்தாரா? அவர் எல்லாருக்கும்தான் தலையாட்டுவார் அண்ணே, அதுதானே அவருக்கு அங்க சம்பளம். நம்பிக்கை இல்லையா, மேல போய் அவர்கிட்டயே கேக்கணுமா? போங்க. இப்போ போங்க, இனிமே நான் மறிக்கலை. விளக்கை எடுத்துக்குங்க, மேல ஜன்னல் எல்லாம் திறந்து வெச்சிருக்கோம், காத்து அடிக்கும். போர்வை ஒண்ணு போத்திக்கிட்டுப் போங்க, அந்த அறையில நெருப்பு போடலை.

மெதுவா நடக்கணும்னு எல்லாம் இல்லை.

இல்லை, கத்தாதீங்க, உங்களைத்தான். காய்ச்சல் இறங்கிடுச்சுன்னு சொன்னேனே, பொய் சொல்லலையே. கடைசி எண்ணெய் பூசி, சாமியார் கையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் போனார், குறை ஒண்ணும் இல்லை. ஊருக்குச் சொல்லலை. மணி அடிக்க விடலை. நான் அழுதா முகம் காட்டிக் குடுத்துடும்னு அழவும் இல்லை. அப்பன் போனது ஆம்ப்ரோஸுக்கே தெரியாது, தெரிஞ்சா அவன் கோயில்ல நின்னிருக்க மாட்டான். அதை இனிமேதான் அவன்கிட்ட சொல்லணும்.

நீங்க பீரைக் குடிச்சு முடிங்க அண்ணே. எனக்கு வழி விடுங்க, நான் முதல்ல மேல போய்ட்டு வந்துடறேன். ஞாயித்துக்கிழமையிலேருந்து அவர் அங்க தனியாக் கிடக்கார்.