புதன்கிழமை உக்கிராணம்

மனைவி: ஃபிரிட்ஜ் கதவுல என்ன ஒட்டிட்டு இருக்கீங்க?

கணவர்: அட்டவணை. காலையில போதகர் சொன்னதைக் கேட்டியா, தூங்கிட்டியா?

மனைவி: நானா தூங்கினேன்? உங்க குறட்டைக்கு பாடகர் குழுவே திரும்பிப் பார்த்துச்சு.

கணவர்: அது தியானம். சரி, என்ன சொன்னாரு? சொல்லு பார்ப்போம்.

மனைவி: நமக்குன்னு எதுவும் கிடையாது. வீடு, உடம்பு, நேரம், எல்லாம் ஆண்டவரோடது. நாம வெறும் உக்கிராணக்காரங்க, பொறுப்பாப் பாத்துக்க வேண்டியவங்க. அவ்வளவுதானே?

கணவர்: அவ்வளவுதான். இந்த வீட்டுக்கு உக்கிராணக்காரன் நான்.

மனைவி: அப்ப நான்?

கணவர்: நீயும்தான்... எனக்குக் கீழ.

மனைவி: போதகர் மேல, கீழன்னு ஒண்ணும் சொல்லலையே.

கணவர்: சொல்ல வந்தாரு. நேரமாயிடுச்சு, முடிச்சுட்டாரு.

மனைவி: ரிட்டயர் ஆனதுல இருந்து உங்களுக்கு அதட்ட ஆள் இல்ல. அதான் விஷயம். சோப்பை ரெண்டா வெட்டி வெச்சீங்க, பேசாம இருந்தேன். நான் குளிச்சுக்கிட்டு இருக்கும்போதே வெளிய நின்னு லைட்டை அணைச்சீங்க...

கணவர்: நீ பாடுற சத்தம் கேக்கல. உள்ள ஆளில்லன்னு நெனச்சேன்.

மனைவி: தண்ணி கொட்டுற சத்தம்?

கணவர்: அதை நிறுத்தத்தான் வந்தேன்.

மனைவி: கடவுளே... இப்ப என் நேரத்துக்கே வந்துட்டீங்களா? இது என்ன, புதன் மதியத்தைச் சுத்திச் சிவப்புல கோடு?

கணவர்: சபை ஜன்னல் துணியெல்லாம் அழுக்கா இருக்கு. இனிமே புதன் மதியம் நீ போய்த் துவைச்சுக் குடுக்கலாம். உன் சார்பா நானே ஒத்துக்கிட்டேன்.

மனைவி: புதன் மதியமா? வியாழன் காலையில போறேன். வெள்ளி காலையில போறேன்.

கணவர்: புதன்தான் சும்மா கிடக்கு.

மனைவி: சும்மாவா? உடம்பு முடியாத அக்காவைப் பார்க்கப் போறேன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி வீடு. கூட உக்காந்து ஜெபம் பண்ணிட்டு வர்றேன். அது ஆண்டவருக்குக் குடுத்த நேரம் இல்லையா?

கணவர்: சபையில வேற யாரையாவது அனுப்பினா போச்சு.

மனைவி: வேணாம். அவங்களுக்குப் புது ஆளுன்னா கூச்சம்... இங்க பாருங்க. காலையில உங்களுக்குக் காபி, அப்புறம் பேத்தியைப் பள்ளிக்கூடத்துல விடணும், கூட்டிட்டு வரணும், மருமகள் வர்ற வரைக்கும் பாத்துக்கணும். வாரம் பூரா மத்தவங்களுக்குத்தான் ஓடுறேன். புதன் மருமகளுக்கு லீவுங்கிறதால அந்த ஒரு மதியம் கிடைக்குது. அதை மட்டும் விட்டுருங்க. கெஞ்சிக் கேக்குறேன்.

கணவர்: அந்த அக்காவுக்கு என்ன வியாதின்னு சொன்ன?

மனைவி: மனசுதான். மகன் கப்பல்ல போனவன் திரும்பி வரல. ஜன்னல் ஓரமாவே உக்காந்து கடலைப் பார்த்துட்டு...

கணவர்: பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி கடல் எப்ப வந்துச்சு?

மனைவி: ...படம். ஜன்னல் பக்கத்துல கடல் படம் மாட்டியிருக்காங்க.

கணவர்: ஓ.

மனைவி: இருட்டினதும் வாசல்ல ஒரு விளக்கு ஏத்தி வெக்கிறாங்க, மகனுக்கு வழி தெரியணும்னு. தெருவே சிரிக்குது. எனக்குத்தான் அழுகை அடக்க முடியல.

கணவர்: அதைவிடக் கொடுமை, அவன் திரும்பி வந்து எதிர்ல நிக்கும்போது அவங்களுக்கு அடையாளமே தெரியல பாரு.

மனைவி: ஆமா... தாடியும் மீசையுமா நிக்கிறான், பெத்தவ யாரோ வழிப்போக்கன்னு நெனச்சு தண்ணி குடுக்கறா... இருங்க. அவன் திரும்பி வந்தான்னு உங்களுக்கு யார் சொன்னா?

கணவர்: நீதான் சொன்ன.

மனைவி: நான் திரும்பி வரலைன்னு சொன்னேன்.

கணவர்: அப்ப... சபையில பேசிக்கிட்டாங்க.

மனைவி: சபையில யாருக்கும் அவங்களைத் தெரியாதே. சரி, அதை விடுங்க. புதன் மதியம் நீங்க எங்க போறீங்க?

கணவர்: நானா? சபையில சாமான் வெக்கிற உக்கிராண அறையைச் சுத்தம் பண்ணப் போறேன். தெரியாத மாதிரி கேக்குற.

மனைவி: ஒட்டடை அடிக்கப் போறவர் இஸ்திரி போட்ட சட்டையோட போறீங்க, கசங்காம வர்றீங்க. தும்மல்கூட இல்ல.

கணவர்: பதவிசா வேலை பாக்குறேன்.

மனைவி: சபையில காவலுக்கு இருக்கிற அண்ணன் போன வாரம் என்கிட்ட விசாரிச்சாரு. ஐயா உடம்பு சரியில்லையா, உக்கிராணம் பூட்டியே கிடக்குது, இந்தப் பக்கம் ஆளையே காணோமேன்னு.

கணவர்: ...

மனைவி: என்ன, தியானமா?

கணவர்: நீ என்ன சொன்ன அவர்கிட்ட?

மனைவி: முட்டி வலின்னு சொன்னேன். வேற என்ன சொல்ல? சபையில நேரத்தைப் பத்தி வகுப்பெடுக்கிற மனுஷன் எங்க போறாருன்னு எனக்கே தெரியாதுன்னா சொல்ல முடியும்?

கணவர்: பொய் சொல்லியிருக்க.

மனைவி: உங்க மானத்துக்கும் நான்தானே உக்கிராணக்காரி. சரி, வர்ற புதன் ரெண்டு பேருமாக் கிளம்புவோம். நான் உங்க உக்கிராணத்துக்கு வர்றேன், நீங்க அக்கா வீட்டுக்கு வாங்க. ஒளிவுமறைவு இல்லாமப் போயிடும்.

கணவர்: வேணாம், வேணாம். துணி துவைக்க நான் வேற ஆள் பாக்குறேன். கோட்டை அழிச்சுடறேன். புதன் உன்னோடது.

மனைவி: ஏங்க, திடீர்னு இவ்வளவு தாராளம்?

கணவர்: ஒரே ஒரு உதவி பண்ணு போதும்.

மனைவி: என்ன?

கணவர்: வர்ற புதன் தியேட்டருக்குப் போகும்போது கொண்டையைக் கொஞ்சம் தாழ்த்திப் போட்டுக்கோ. உனக்குப் பின் வரிசையில ரெண்டு வாரமா உக்காந்திருக்கேன், திரையில கீழ ஓடுற எழுத்தை அது மறைச்சுடுது... அந்தப் பையன் கடைசியில அம்மாகிட்ட என்னதான் சொன்னான்?