வலது முன்சில்லும் நான்கு தேசிக்காய்களும்

எங்கள் வீட்டில் உடுப்புத் தோய்க்கும் நாள் ஞாயிற்றுக்கிழமை. ரொறன்ரோவின் மல்வேர்னில் நாங்கள் இருக்கும் மாடிக் கட்டடத்தில் அன்றைக்குக் கீழ்த்தளத்து மெஷின் ஒன்று கிடைப்பதே பெரிய பாடு. ஆனாலும் என் மனைவி யோகராணி அன்றைக்குத்தான் தோய்ப்பாள். ஒரு பழக்கம் பிடித்துவிட்டால் அவளை அசைக்க முடியாது. அந்தப் பழக்கத்தால்தான் நான் இப்போது உங்கள் முன்னால் இருக்கிறேன். அவள்மேல் எனக்குக் கோபமில்லை.

ஆங்கிலத்தில் தடுமாறினால் தமிழிலேயே எழுதித் தரலாம் என்றீர்கள், அதிகாரி ஐயா. உங்களுக்கு நல்ல மனம். கோப்பியும் நன்றாக இருந்தது. மொழிபெயர்க்கப்போகிறவர் நம்முடைய ஆளாக இருந்தால் இன்னும் நல்லது. சில விஷயங்களை அவருக்கு விளக்கவேண்டி இருக்காது.

என் பெயர் ஸ்ரீஸ்கந்தராசா. கிழமை நாட்களில் அஜின்கோர்ட்டில் ஒரு ரயர் கடையில் வேலை. சனிக்கிழமைகளில் ரொய் ஹன்லினின் பந்தயக் காருக்கு மெக்கானிக். ரொய் என்னைவிட நாலு வயது மூத்தவர், அதனால் அவர் என்றே எழுதுகிறேன். இறந்தவருக்கு அந்த மரியாதையாவது வேண்டும்.

அவர் ஒஹாயோவில் பிறந்தவர். பதினேழு வயதில் மண் பாதையில் ஓடத் தொடங்கி, பிறகு கரோலைனாவுக்குப் போய்ப் பன்னிரண்டு வருடம் ஓடியிருக்கிறார். பெரிய அணிகள் மூன்று தரம் கூப்பிட்டன, மூன்று தரமும் ஒரு பருவம் முடியமுதலே வீட்டுக்கு அனுப்பின. கடைசியில் ஜோன் என்ற ஒன்ராறியோப் பெண்ணைக் கட்டி, தொண்ணூற்றிரண்டில் ரொறன்ரோவுக்கே வந்துவிட்டார். இங்கே வடக்கே ஒரு மணித்தியாலம் போனால் ஒரு சின்ன ஓடுபாதை இருக்கிறது. அங்கே சனி மத்தியானங்களில் ஓடினார். வெளியே பார்த்தால் வீதியில் போகிற கார் மாதிரியே இருக்கும். உள்ளே இருக்கை முதற்கொண்டு எல்லாவற்றையும் கழற்றி இரும்புக் குழாய் பொருத்தி, கதவுகளையும் பற்றவைத்து மூடியிருப்பார்கள். இடப்பக்கம் மட்டுமே திரும்பித் திரும்பி ஐம்பது சுற்று. முதல்நாள் பார்த்தபோது எனக்குச் செக்குமாடுதான் நினைவுக்கு வந்தது. சிரிப்பை அடக்கப் பெரும்பாடு பட்டேன்.

எங்கள் கடைக்கு ரயர் வாங்க வந்தவர், என் கைவேலையைப் பார்த்துவிட்டு வரச்சொன்னார். தொண்ணூற்றுநாலு மே மாதம் புதுக் கார் ஒன்று கட்டினோம். புது வண்டி ஓடமுதல் நாம் என்ன செய்வோம்? நாலு சில்லுக்கும் கீழே நாலு தேசிக்காய், அதாவது எலுமிச்சங்காய், வைத்து, அதன்மேல் ஏற்றி நசித்துக்கொண்டு புறப்படுவோம். றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயில் வாசலில் ஒவ்வொரு வெள்ளியும் நடக்கிற விஷயம்தானே. நான் யாருக்கும் சொல்லாமல் வைத்தேன். ரொய் அன்றைக்கு வென்றார். இரண்டு வருடத்தில் அதுதான் அவருக்கு முதல் வெற்றி.

அடுத்த கிழமை மறந்துபோனேன், ஏழாவதாக வந்தார். அதற்கடுத்த கிழமை வைத்தேன், வென்றார். அதன்பிறகு கேட்கவேண்டுமா? கையுறை போடமுதல் அவருடைய முதல் கேள்வி இதுதான்: "ஸ்ரீ, என்னுடைய டேசிக்காய் எங்கே?" அவருக்கு ஆங்கிலச் சொல் இருக்கிறது, ஆனாலும் எங்கள் சொல்லையே பிடித்துக்கொண்டார். தொண்ணூற்றைந்தில் ஏழு வெற்றி. எங்கள் கட்டடத்திலிருந்து ஆட்கள் வான் பிடித்துப் பார்க்க வந்தார்கள். லிஃப்டில் ஏறினால் எட்டாம் மாடிப் பொன்னம்பலம் விடமாட்டார். "ஸ்ரீயண்ணை, உங்கட ஆள் இண்டைக்கும் அடிப்பாரோ?"

உங்கட ஆள். ஐயா, நான் இந்த நாட்டுக்கு வந்து ஆறு வருடம். கடையில் என்னை 'ஏய்' என்பார்கள், காகிதங்களில் எனக்கு ஒரு இலக்கம். சனிக்கிழமைகளில் மட்டும் நான் இல்லாமல் ஒரு கார் புறப்படாது. அது எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று மறைக்காமலே சொல்கிறேன்.

இந்த ஓகஸ்ட்டில் கரோலைனாவிலிருந்து ஒரு அணிச் சொந்தக்காரர் கூப்பிட்டார். நாற்பத்திரண்டு வயதில் ரொய்க்கு நாலாவது வாய்ப்பு. சனிக்கிழமை தானே வந்து ஒரு ஓட்டம் பார்ப்பதாகவும், பிடித்தால் திங்கள் கையெழுத்து என்றும் சொன்னார். ரொய் என்னைக் கட்டிப்பிடித்து ஆடினார். எனக்கு இன்னும் இங்கே நிரந்தரமாகத் தங்குவதற்கான லாண்டட் பேப்பர் வரவில்லை, எல்லை தாண்டினால் திரும்பி வர வழியில்லை. அது அவருக்குத் தெரியும். "நீங்கள் போனால் தேசிக்காய்?" என்று கேட்டேன். பகிடியாகத்தான் கேட்டேன்.

"கரோலைனாவில் விற்காத தேசிக்காயா? யாராவது வைப்பார்கள், ஸ்ரீ" என்றார்.

யாராவது. அவர் அதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நானும் சிரித்தேன்.

சனிக்கிழமை காலை காரை வேலியோரம் நிறுத்தியிருந்தோம், வலப்பக்கம் வேலிக்கு. ஒவ்வொரு சில்லுக்கும் ஐந்து நட், மஞ்சள் வர்ணம் பூசியவை. கடைசியாக முறுக்கிப் பார்ப்பது என் வேலை. நான் பார்த்துவிட்டால் வேறு யாரும் பார்க்கமாட்டார்கள். வலது முன்சில்லில் இரண்டைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டேன். மற்ற மூன்றையும் விரலால் திருகிவிட்டேன். இடப்பக்கம் திரும்புகிற ஓட்டத்தில் பாரமெல்லாம் அந்தச் சில்லில்தான் விழும்.

தயவுசெய்து அவசரப்படாதீர்கள். நான் கொலைகாரன் இல்லை. சில்லு ஆடும், அவர் உணர்வார், ஓரம்கட்டுவார், கரோலைனாக்காரர் ஏமாந்து திரும்பிப் போவார். அவ்வளவுதான் என் கணக்கு. உயிருக்கு ஒன்றும் வரக்கூடாது என்றுதானே நாலு தேசிக்காயும் வைத்தேன்? நட் ஓட்டத்தை நிறுத்த, தேசிக்காய் ஆளைக் காக்க. அன்றைக்கு வழக்கமான கடையை விட்டு, இன்னும் இரண்டு கடை ஏறி இறங்கி, புள்ளியில்லாத காய்களாகப் பொறுக்கினேன். கேடு நினைக்கிறவன் அப்படி மெனக்கெடுவானா?

காரில் ஏறமுதல் ரொய் குனிந்தார். நாலு தேசிக்காயையும் ஒவ்வொன்றாக எடுத்து என் கையில் தந்தார். வெயிலில் காய்ந்த தார் சூடு அவற்றில் இருந்தது.

"திங்களிலிருந்து நீ பக்கத்தில் இருக்கமாட்டாய். நான் இது இல்லாமல் ஓடிப் பழகவேண்டும்" என்றார். என் தோளில் தட்டிவிட்டு ஜன்னல் வழியாக உள்ளே நுழைந்தார்.

பதின்மூன்றாவது சுற்றில் சில்லு கழன்றது. கார் திரும்பாமல் நேரே சுவருக்குப் போனது. மற்றதெல்லாம் உங்கள் அறிக்கையில் இருக்கிறது, அதை நான் திருப்பி எழுதத் தேவையில்லை.

அன்று பின்னேரம் பொன்னம்பலமும் ஏழெட்டுப் பேரும் எங்கள் வீட்டுக்குத் துக்கம் விசாரிக்க வந்தார்கள். சரியான வெக்கை. யோகராணி அந்த நாலு தேசிக்காயையும் பிழிந்து, சீனியும் ஐஸும் போட்டு எல்லோருக்கும் கொடுத்தாள். நானும் குடித்தேன். நல்ல காய்கள், வீணாக்க முடியாது.

மறுநாள் ஞாயிறு. மெஷின் கடகடவென்று அடிக்க, அவள் கீழிருந்து மேலே ஓடிவந்தாள்.

"இஞ்சருங்கோ, உங்கட சேட்டுப் பொக்கற்றுக்குள்ள கிடந்தது. உதென்ன?"

"ரொய்யின்ர காரின்ர நட்" என்றேன். பொய் சொல்லவில்லை.

"ஐயோ பாவம், ஞாபகத்துக்கு எண்டு எடுத்து வச்சிருக்கிறியள்" என்று அழுதாள். இரண்டையும் துடைத்து, சாமித்தட்டில் பிள்ளையாருக்கு முன்னால் வைத்து, குங்குமப் பொட்டும் வைத்தாள். சாமித்தட்டில் வைத்ததை எடுக்கக் கூடாது. அதனால் அப்படியே விட்டேன். புதன்கிழமை நீங்கள் சும்மா நாலு கேள்வி கேட்க வந்தபோது, அந்த மஞ்சள் நிறத்தைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் நின்றீர்கள். யோகராணி உங்களுக்குத் திருநீறு வேண்டுமா என்றுகூடக் கேட்டாள்.

இனி, நீங்கள் மூன்று தரம் கேட்டு நான் பதில் சொல்லாமல் விட்ட கேள்வி. பார்வையாளர் மேடையின் மேற்கூரைத் தட்டில் நின்று பாதையைப் பார்த்து ரொய்க்கு றேடியோவில் சொல்வதும் என் வேலைதான். அவர் ஏதாவது பேசினாரா என்று கேட்டீர்கள். பேசினார். பதினோராவது சுற்றில்.

"ஸ்ரீ, வலது முன்பக்கம் நடுங்குகிறது. உள்ளே வரட்டுமா? உனக்கு என்ன தெரிகிறது?"

நான் நின்ற இடத்திலிருந்து எல்லாம் தெரிந்தது. சில்லு தள்ளாடியது தெரிந்தது. ரொய் இரண்டாவது இடத்துக்கு ஏறியிருந்ததும், கரோலைனாக்காரர் எழுந்து நின்று கைதட்டியதும் தெரிந்தது. உள்ளே வா என்று சொல்லியிருந்தால் நான் போட்ட கணக்கு அப்படியே பலித்திருக்கும் என்று நீங்கள் சொல்வீர்கள். சரிதான், வாய்வரை வந்தது. ஆனால் ஒரு கையில் றேடியோ, மற்றக் கையில் நாலு தேசிக்காய் இருந்தது, அவர் வேண்டாம் என்று தந்தது.

"ஒன்றும் இல்லை. கார் நன்றாக இருக்கிறது, ஓடுங்கள்" என்றேன்.

"உன் கண் போதும் எனக்கு" என்றார். பிறகு அவர் பேசவில்லை.

நட்டைக் கழற்றியது நான். பொய் சொன்னதும் நான். எங்கே கையெழுத்து வைக்கவேண்டுமோ காட்டுங்கள், வைக்கிறேன். ஆனால் ஐயா, ஒன்றை மட்டும் விடாமல் எழுதிக்கொள்ளுங்கள், ஜோனுக்கும் சொல்லுங்கள்: தேசிக்காயை எடுத்தது நானில்லை.